கொய்யா ஜாம்: சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

வாசல்மரம் (திண்டுக்கல்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வாசலில் ஒரு கொய்யா மரம் நிற்கிறது, உள்ளே சிவப்பாக இருக்கும் ரகம். இந்த வருடம் காய்ப்புத் தாங்கவில்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, அணிலும் கிளியும் தின்றது போக, இன்னும் நாலைந்து கிலோ பழுத்துக் கிடக்கிறது. ஜாம் போட்டுவிடலாம் என்று யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். ஒருவர் பழமும் சர்க்கரையும் சரிக்குச் சரி என்கிறார், இன்னொருவர் பாதி போதும் என்கிறார், ஒரு அம்மா சர்க்கரையே வேண்டாம், சியா விதை போட்டால் தானாகக் கெட்டியாகும் என்கிறார்.

வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் அவ்வளவு இனிப்புக் கொடுக்க மனசில்லை. அதனால்தான் கேட்கிறேன், ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ சர்க்கரை போட்டால் உறையுமா? எத்தனை நாள் தாங்கும்? உறைய வைக்கப் போடும் பெக்டின் பொடி, கலர், கெடாமல் இருக்கப் போடும் மருந்து எதுவும் போடுவதாக இல்லை.

அடுப்படி (மதுரை)

கொய்யாவுக்குப் பெக்டின் பொடி எதற்கும்மா, அதற்குள்ளேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் கொழகொழவென்று பழுத்ததாக எடுக்காதீர்கள். முக்கால் பங்கு நல்ல பழம், கால் பங்கு செங்காய். பழம் அதிகமாகக் கனியக் கனிய உறையும் சக்தி குறைந்துகொண்டே போகும், வாசனைக்குப் பழம், உறைவதற்குச் செங்காய், அவ்வளவுதான். மழைக்காலத்துக் காய் என்றால் ஒவ்வொன்றையும் வெட்டிப் பாருங்கள், ஈ குத்தி உள்ளே புழு இருக்கும்.

தோல் சீவ வேண்டாம். காம்பையும் பூ முனையையும் நறுக்கி எறிந்துவிட்டு நாலாக வெட்டி, பழம் பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் இரண்டு விசில். ஆறியதும் கட்டைக் கரண்டியால் மசித்து, கண் சிறிதாக உள்ள எவர்சில்வர் வடிகட்டியில் போட்டுத் தேய்த்து எடுங்கள். மிக்ஸியில் போடுகிறேன் பேர்வழி என்று விதையோடு ஓட்டினால் நறநறவென்று மணல் கடித்த மாதிரி ஆகிவிடும், அதற்கப்புறம் எந்த வடிகட்டியாலும் காப்பாற்ற முடியாது.

வந்த விழுதை அளந்துகொண்டு, கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை. அடி கனமான, வாய் அகலமான பாத்திரம். அலுமினியம் வேண்டாம், புளிப்புக்கு ஆகாது. சர்க்கரை கரையும் வரை சிறு தீ, கரைந்த பிறகு தீயை ஏற்றிவிட்டு நகராமல் நின்று கிளற வேண்டும். கெட்டிப்படும் நேரத்தில் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. அரைக் கிலோவில் உறையுமா என்று கேட்டால் உறையும், ஆனால் நீங்கள் கிளறிக் கிளறித் தோள் விட்டுப்போய் கடைசியில் இறக்கும்போது அது அல்வா பதத்துக்குப் போயிருக்கும்.

ஹாஸ்டல்வாசி

அல்வா கிடைத்தாலும் எனக்குச் சம்மதம்தான் அக்கா 😀

தராசு (கோவை)

பழப் பதப்படுத்தல் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் 'பாதி சர்க்கரை'ப் பேச்சில் ஒரு கணக்கு விட்டுப்போகிறது. ஒரு ஸ்பூன் ஜாமில் எவ்வளவு சர்க்கரை இருக்கும் என்பது பாத்திரத்தில் எவ்வளவு கொட்டினோம் என்பதை மட்டும் பொறுத்ததல்ல, எவ்வளவு தண்ணீரை ஆவியாக்கினோம் என்பதையும் பொறுத்தது.

கொய்யா விழுது ஒரு கிலோ இருந்தால் அதில் கரைந்த பொருள், பெரும்பாலும் பழத்தின் சொந்தச் சர்க்கரை, சுமார் 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதி கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர். 750 கிராம் சர்க்கரை போட்டால் மொத்தம் 850. ஜாம் என்பது கரைந்த பொருள் 65 சதவீதத்துக்கு வரும் இடம் (நம் நாட்டு உணவுச் சட்டமும் ஜாமுக்குக் குறைந்தது 65 சதவீதம் என்றுதான் சொல்கிறது). 850 கிராம் 65 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் பாத்திரத்தில் 1,300 கிராம் இருக்கும்போது இறக்க வேண்டும். இதில் நீங்கள் போட்ட சர்க்கரை 58 சதவீதம்.

இப்போது 500 கிராம் போடுங்கள். மொத்தம் 600. 65 சதவீதத்துக்கு வர 920 கிராம் வரை வற்றவிட வேண்டும். அதில் நீங்கள் போட்ட சர்க்கரை 54 சதவீதம். 20 கிராம் ஸ்பூன் ஒன்றுக்கு முதல் ஜாமில் பதினொன்றரை கிராம், இரண்டாவதில் பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த அரை கிராம் சொச்சத்துக்காகக் கிட்டத்தட்ட 400 கிராம் ஜாமையும் அரை மணி நேர கேஸையும் ஆவியாக விடுகிறீர்கள். நிறமும் கருத்துப்போகும், வாசனையும் பாதி போய்விடும்.

இல்லை, 500 கிராம் போட்டுவிட்டு 1,300 கிராம் இருக்கும்போதே இறக்குகிறேன் என்றால் அங்கேதான் சர்க்கரை உண்மையாகக் குறைகிறது, ஸ்பூனுக்கு எட்டு கிராமுக்கும் குறைவு. ஆனால் அதில் கரைந்த பொருள் 46 சதவீதம்தான். அது ஜாமாக உறையாது, தளதளவென்று கூழாக நிற்கும், வெளியே வைத்தால் சில நாளில் பொங்கிப் புளித்துவிடும். தவறில்லை, ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் அதை ஜாம் என்று சொல்லி அலமாரியில் அடுக்கக் கூடாது.

வாசல்மரம்

சார், இப்படி யாருமே சொல்லவில்லை. எனக்கு ஒன்று புரியவில்லை, பெக்டின் பழத்திலேயே இருக்கிறது என்றால் சர்க்கரை குறைந்தால் ஏன் உறையாது? சர்க்கரை இனிப்புக்குத்தானே?

தராசு

இனிப்புக்கு மட்டும் என்றால் யாரும் இவ்வளவு கொட்ட மாட்டார்கள். பெக்டின் என்பது நீளமான இழைகள். தண்ணீரில் இருக்கும்போது ஒவ்வோர் இழையும் தன்னைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தனியாக மிதக்கும். மேலும் இழைகள் எல்லாவற்றுக்கும் ஒரே வகை மின்னூட்டம், அதனால் ஒன்றையொன்று தள்ளும். சர்க்கரை அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எலுமிச்சையின் அமிலம் மின்னூட்டத்தை அடக்குகிறது. இரண்டும் நடந்தால்தான் இழைகள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று ஒட்டி வலையாகி மிச்சத் தண்ணீரை உள்ளே சிறைப்பிடிக்கும். பழத்தில் இருக்கும் வகைப் பெக்டினுக்குச் சர்க்கரை 55 சதவீதத்துக்கு மேல், பி.எச் (புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) ஏறக்குறைய 3 முதல் 3.4 வரை இருந்தால் நல்ல உறைவு. சர்க்கரை சரியாக இருந்து புளிப்பு இல்லையென்றாலும் உறையாது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. உறையவில்லை என்று மேலும் மேலும் காய்ச்சுவார்கள், உண்மையில் தேவைப்பட்டது இன்னொரு எலுமிச்சம்பழமாக இருக்கும்.

கிருமி சங்கதியும் இதேதான். சர்க்கரை பிடித்து வைத்திருக்கும் தண்ணீர் பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் கிடைக்காது.

சியா விதை தன்னைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்துக் கொழகொழப்பைக் கொடுக்கும், கெட்டியாகத் தெரியும். தண்ணீர் தண்ணீராகவே இருப்பதால் கெடாமல் காக்கும் சக்தி அதற்கு இல்லை. ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள், அவ்வளவுதான்.

அடுப்படி

மாமியாருக்கு ஜாமே வேண்டாம்மா, பாதியும் வேண்டாம் முக்காலும் வேண்டாம். கொய்யாவை அப்படியே நறுக்கி ஒரு துண்டு மிளகாய்ப்பொடி உப்புத் தொட்டுக் கொடுங்கள், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்கு. ஜாமைப் பிள்ளைகளுக்குப் போடுங்கள், போடுகிற ஜாமை ஒழுங்காகப் போட்டு, தடவுவதில் குறைத்துக்கொள்ளுங்கள். தராசு சார் கணக்கும் அதைத்தானே சொல்கிறது?

தராசு

அதைத்தான் சொல்கிறது மேடம்.

ஊட்டிக்குளிர்

குறுக்கே வருகிறேன். எல்லா வீடியோவிலும் தெர்மாமீட்டர் வைத்து 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கு என்கிறார்கள். மலையில் இருப்பவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அந்த 105 கடல் மட்டத்துக்குச் சொன்னது, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் ஊருக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் ஏற ஏற ஒரு டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், இங்கே தண்ணீர் 93 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும். அப்படியென்றால் ஜாம் பதம் 97 டிகிரி பக்கத்தில் வந்துவிடும். 105 வரட்டும் என்று காத்திருந்தால் பாத்திரத்தோடு மிட்டாய்தான். கொடைக்கானலுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். எந்த ஊராக இருந்தாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள், அதோடு நாலரை ஐந்து டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரே ஒரு டிகிரி தப்பாகக் காட்டினாலும் இதில் அடிபட்டுப்போகும்.

அடுப்படி

தெர்மாமீட்டர், தராசு, பி.எச்... அடுப்படியா ஆஸ்பத்திரியா? ஒரு சில்வர் தட்டை ஃப்ரீசரில் வையுங்கள். ஜாம் பதம் வருகிற மாதிரி தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அரை ஸ்பூன் எடுத்து அந்தத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் பொறுத்து விரலால் மெல்லத் தள்ளுங்கள். மேலே ஆடை மாதிரி சுருங்கி மடிந்தால் சரி. தண்ணீராக ஓடினால் மறுபடி அடுப்பை ஏற்றுங்கள். அணைக்காமல் சோதித்தால் நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பதம் தாண்டிவிடும். கரண்டியைத் தூக்கிச் சாய்த்தாலும் தெரியும், சொட்டுச் சொட்டாக விழுந்தால் ஆகவில்லை, இரண்டு சொட்டு ஓரத்தில் சேர்ந்து தகடாக நழுவி விழுந்தால் ஆயிற்று.

தராசு

> அடுப்படியா ஆஸ்பத்திரியா?

தட்டுச் சோதனையை நான் குறை சொல்லவே மாட்டேன், பழகிய கைக்கு அதுவே போதும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு எடை சுலபம் என்பேன், ஏனென்றால் 'சுருங்கி மடிவது' எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலிப் பாத்திரத்தையும் கரண்டியையும் முதலிலேயே எடை போட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். காய்ச்சும்போது இரண்டு மூன்று முறை இறக்கி, தராசின் மேல் மரப்பலகை வைத்து எடை பாருங்கள் (பலகையின் எடையைக் கழித்துக்கொண்டு).

பழைய பாடப்புத்தகங்களில் ஒரு விதி உண்டு, போட்ட சர்க்கரையைப் போல ஒன்றரை மடங்கு எடை வரும்போது இறக்கு என்று. நல்ல விதிதான், ஆனால் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையைச் சேர்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் 70 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது, கத்தியால் வெட்டும் பதம். பழமும் சர்க்கரையும் சம எடை என்றால் 1.6 முதல் 1.7 மடங்கு, முக்கால் கணக்கு என்றால் 1.7ஐ ஒட்டி நிறுத்துங்கள். பிரெட்டில் இழுவையாகத் தடவ வரும்.

கருப்பட்டிக்காப்பி (தூத்துக்குடி)

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டுச் செய்ய ஆசை. உடன்குடிக் கருப்பட்டி வீட்டில் எப்போதும் இருக்கும். உடம்புக்கும் நல்லது, சர்க்கரை நோயாளியும் சாப்பிடலாம் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஊட்டிக்குளிர்

நோயாளி சாப்பிடலாம் என்பதை மட்டும் நம்பாதீர்கள் அண்ணா. கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். கொஞ்சம் தாதுச்சத்துக் கூட இருக்கலாம், அதற்காகக் கிலோக்கணக்கில் சாப்பிடவா போகிறோம்.

தராசு

செய்யலாம். இரண்டு விஷயம். கருப்பட்டியை அப்படியே போடாமல் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள், தூசியும் மண்ணும் இருக்கும். இன்னொன்று முக்கியம்: பதநீர் புளிக்காமல் இருக்கப் பானையில் சுண்ணாம்பு தடவி இறக்குகிறார்கள், அதில் கொஞ்சம் கருப்பட்டியிலும் தங்கும். வெல்லம் காய்ச்சும்போதும் சுண்ணாம்பு போடும் வழக்கம் உண்டு. சுண்ணாம்பு புளிப்பை அடித்துவிடும், புளிப்புக் குறைந்தால் உறைவு குறையும். அதனால் வழக்கமான இரண்டு எலுமிச்சைக்கு மேல் இன்னொன்று வேண்டியிருக்கும். அப்படியும் வெள்ளைச் சர்க்கரை ஜாம் மாதிரி விறைப்பாக நிற்காது, நிறமும் கருப்பாகத்தான் வரும். வாசனை கருப்பட்டிதான், கொய்யா பின்னால் எங்கேயோ நிற்கும். அன்னாசி, நெல்லிக்காய் மாதிரி நல்ல புளிப்பு உள்ளவற்றுக்குக் கருப்பட்டி பொருந்தும், கொய்யாவுக்கு எனக்கு மனசு வராது. இது ருசி, அவரவர் இஷ்டம்.

பருத்தித்துறை

இந்த இழையை இப்பதான் பார்த்தேன். இலங்கையில் ஜாம் என்றால் எங்களுக்கு விளாம்பழ ஜாமும் சேர்ந்துதான், கடையில் போத்தலில் வரும், மண்ணிறமாக இருக்கும், பாணுக்குப் பூசிச் சாப்பிடுவோம். வீட்டில் செய்வதும் பெரிய வேலை இல்லை. மரத்தில் இருந்து தானாக விழுந்த பழம்தான் வேணும், பறித்த காய் சரிவராது. ஓட்டை உடைத்தால் அந்த மணம் வீடு முழுக்க வரும் (பிடிக்காத ஆட்கள் வெளியே போய்விடுவினம்). சதையைத் தோண்டி எடுத்து, அளவான சுடுதண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து, நாரும் விதையும் போக வடித்து, அந்தக் களிக்குச் சமன் சீனி. விளாம்பழம் தானே புளிப்பு, தானே உறையும், தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளிகூடத் தேவைப்படாது. கெதியாக இறுகிவிடும், அடியில் பிடிக்கும், அதனால் அகப்பையை விடவே கூடாது.

பப்பாசிப்பழத்தில் செய்கிறவர்கள்தான் தேசிக்காயை மறக்கக் கூடாது. அம்மா கட்டாயம் அன்னாசி பாதி சேர்ப்பா, புளிப்புக்காக.

தராசு

பருத்தித்துறை சொன்ன கடைசி வரியை எல்லாரும் இரண்டு முறை படியுங்கள். கொய்யா, திராட்சை, பிளம்ஸ், அன்னாசி எல்லாம் பி.எச் 4.6க்குக் கீழே இருக்கும் பழங்கள், போட்டுலிசம் என்ற உயிர்க்கொல்லி உணவு நச்சைச் சுரக்கும் பாக்டீரியா அங்கே வளராது. பப்பாளி, நன்றாகக் கனிந்த வாழை, பலாச்சுளை இதெல்லாம் 4.6க்கு மேலே போகும். இவற்றில் எலுமிச்சையோ சிட்ரிக் ஆசிடோ வெறும் ருசிக்காக இல்லை, பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். விழுது கிலோவுக்கு 5 கிராம் சிட்ரிக் ஆசிட், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், கணக்காக இருக்கும். மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும்.

வாசல்மரம்

சாறு எப்போது ஊற்றுவது என்பதில் மட்டும் குழப்பம். அடுப்படி அக்கா கடைசியில் என்கிறார், வீடியோவில் முதலிலேயே பிழிகிறார்கள்.

அடுப்படி

எனக்குக் காரணம் தெரியாது, எங்கள் வீட்டில் கடைசியில்தான். முதலிலேயே ஊற்றினால் இறுகுவது குறைகிறது, அது கண்ணால் பார்த்தது.

தராசு

காரணம் உண்டு. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் பெக்டின் இழைகள் அறுந்து குட்டையாகிவிடும். அதனால்தான் சர்க்கரை போட்ட பிறகு நிதானமாகக் காய்ச்சாமல் தீயை ஏற்றி வேகமாக முடிக்கச் சொல்வது, ஒரே தடவையில் ஐந்து கிலோவை ஏற்றாமல் ஒன்று ஒன்றரைக் கிலோவாகப் பிரித்துப் போடச் சொல்வதும் அதற்கே. பெரிய பாத்திரம் வற்ற நேரம் ஆகும், அதற்குள் நிறமும் பெக்டினும் போய்விடும்.

ஆனால் எலுமிச்சையை ஒரேயடியாகக் கடைசி நொடிக்குத் தள்ளவும் வேண்டாம். புளிப்பில் கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும், அது உடைந்தால்தான் ஒரு மாதம் கழித்துப் பாட்டிலின் அடியில் கற்கண்டு மாதிரி படியாது. இறக்குவதற்கு ஐந்து, எட்டு நிமிடம் முன்னால் ஊற்றினால் இரண்டும் சரியாக வரும். கொய்யாவில் இருக்கும் சொந்தப் புளிப்பும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

ஊட்டிக்குளிர்

பிளம்ஸ் ஜாம் போடுகிறவர்களுக்கு ஒன்று. தோலோடு முதலில் நன்றாக வேகவிட்டுவிட்டு அப்புறம் சர்க்கரை போடுங்கள். முதலிலேயே சர்க்கரை போட்டால் தோல் விறைத்துக்கொண்டு கடைசி வரை வேகாது, வாயில் பட்டை பட்டையாக மாட்டும். நுரை ரொம்பப் பொங்கினால் கால் ஸ்பூன் வெண்ணெய் போட்டால் அடங்கிவிடும். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள், கொதி வரும்போது எங்கே இருந்துதான் வருமோ, மேலே வந்து நிற்கும். கடைசிக் கட்டத்தில் கெட்டியாகி 'ப்ளப்' 'ப்ளப்' என்று தெறிக்கும், கையில் பட்டால் வெந்நீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். நீளக் கரண்டி, முழுக்கைச் சட்டை, பிள்ளைகளை அடுப்படிப் பக்கம் விடாதீர்கள்.

ஹாஸ்டல்வாசி

ஒரு சந்தேகம். பாட்டி வீட்டு ஜாமில் மேலே பச்சையாகப் பூத்திருந்தது. பாட்டி ஸ்பூனால் வழித்துப் போட்டுவிட்டு, 'கீழே நல்லாத்தான் இருக்கு' என்று எனக்குத் தடவிக் கொடுத்தார். உயிரோடுதான் இருக்கிறேன், ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

தராசு

பாட்டியைக் குறை சொல்ல வரவில்லை, அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பூஞ்சை மேலே தெரிவது மட்டும் இல்லை, அதன் இழை கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் இறங்கியிருக்கும். சில பூஞ்சைகள் நச்சுப்பொருள் சுரக்கும், அது வழித்தால் போகாது, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகும் என்று சொல்ல முடியாது. பாட்டிலோடு கொட்டிவிடுவதுதான் சரி.

பூக்காமல் இருக்க வேண்டுமென்றால் வேலை பாட்டிலில் இருக்கிறது. கண்ணாடிப் பாட்டிலையும் மூடியையும் கழுவி, தண்ணீரில் மூழ்க வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். துணியால் துடைக்காதீர்கள், கவிழ்த்து வைத்தால் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். பாட்டில் சூடாக இருக்கும்போதே சூடான ஜாம், 85 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள், கழுத்து வரை ஊற்றி உடனே மூடுங்கள். கீழே மரப்பலகையோ மடித்த துணியோ இருக்கட்டும். குளிர்ந்த கிரானைட் மேடையில் வைத்துச் சூடான ஜாமை ஊற்றினால் பாட்டில் அடி கழன்று வரும். மூடியதும் ஓரிரு நிமிடம் தலைகீழாகப் பிடித்தால் மூடியின் உட்பக்கமும் அந்தச் சூட்டில் சுத்தமாகிவிடும். முன்பெல்லாம் மேலே மெழுகு உருக்கி ஊற்றுவார்கள், அது வேண்டாம், மெழுகு ஓரத்தில் விட்டுப்போய் அங்கேதான் முதலில் பூக்கும். துரு ஏறிய மூடியை இரக்கப்பட்டு எடுத்து வைக்காதீர்கள்.

இப்படி அடைத்தது திறக்காமல் இருட்டான இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். திறந்துவிட்டால் ஃப்ரிட்ஜ், ஈரமில்லாத ஸ்பூன்.

அடுப்படி

ஈரமில்லாத ஸ்பூன், பிரெட் துகள் ஒட்டாத ஸ்பூன். பாதி ஜாம் கெடுவது இதனால்தான், சர்க்கரைக் குறைவால் இல்லை. பெரிய பாட்டிலாக நிரப்பாமல் சின்னச் சின்னதாக நிரப்புங்கள், ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும்.

கருப்பட்டிக்காப்பி

சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா போட்டால்? அல்லது கடல்பாசி போட்டு உறைய வைத்தால்? ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் முங்கி எடுக்கிறார்களே, அதே பாசி.

தராசு

ஸ்டீவியா இனிக்கும், ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் போடும் பொருள், சர்க்கரை செய்த தண்ணீர் இழுக்கும் வேலையை அதால் செய்ய முடியாது. சர்க்கரை இல்லாத ஜாம் என்று விற்பவற்றில் பெரும்பாலும் வேறு வகைப் பெக்டின் போடுவார்கள், சர்க்கரைக்குப் பதில் கால்சியம் சேர்த்தால் உறையும் வகை. கடல்பாசி, அதாவது அதிலிருந்து எடுக்கும் அகர் அகர், தாராளமாகப் போடலாம், நன்றாக உறையும். உறைவு வேறு மாதிரி, ஜாம் போல இழையாது, ஜெல்லி மாதிரி வெட்டுப்பட்டு உடையும். அதுவும் சியா மாதிரிதான், கெட்டி கொடுக்கும், கெடாமல் காக்காது. சோளமாவு போட்டுக் கெட்டியாக்குவது பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன், வேண்டாம்.

வாசல்மரம்

முக்கால் கணக்குக்கே வந்துவிட்டேன், மாமியாருக்குப் பழம். வடிகட்டியது போக நின்ற விதையும் தோலும் நிறைய வரும்போலத் தெரிகிறதே, எறிந்துவிட வேண்டியதுதானா?

அடுப்படி

எறியாதீர்கள். அதே சக்கையில் மூழ்கும் மட்டும் தண்ணீர் ஊற்றி, ஒரு எலுமிச்சையின் வெள்ளைத் தோலும் விதையும் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்க விடுங்கள். பிழியாதீர்கள், தானாகச் சொட்டட்டும். பிழிந்தால் கலங்கிவிடும். ராத்திரி முழுக்கச் சொட்டிய சாற்றில் அளவுக்கு அளவு சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் ஜெல்லி, அந்தச் சிவப்பு ரகத்துக்கு ரோஜா நிறத்தில் கண்ணாடி போல வரும். விழுது கொஞ்சம் மீந்தால் கோவாக்காரர்கள் செய்கிற மாதிரி அதையே தட்டில் கொட்டித் துண்டு போடும் பதத்துக்குக் கிளறி எடுக்கலாம், கொய்யா சீஸ் என்பார்கள், பால் எதுவும் கிடையாது.

தராசு

அந்தச் சாற்றில் பெக்டின் போதுமா என்று சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பூன் ஆறிய சாற்றில் அதே அளவு மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் விட்டுக் குலுக்காமல் ஒரு நிமிடம் வையுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் சர்க்கரை சம அளவு தாங்கும். சின்னச் சின்னத் துண்டாகப் பிரிந்தால் சர்க்கரையை முக்காலாக்குங்கள், இல்லாவிட்டால் சாற்றை இன்னும் வற்றவிடுங்கள். சோதித்ததைச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும். விஷம், வாயில் வைக்கக் கூடாது, சோதித்த கிண்ணத்தையும் உடனே கழுவி எடுத்துவிடுங்கள்.

ஊட்டிக்குளிர்

நன்றாக வந்து விற்கலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் முன்கூட்டியே: வீட்டில் போட்டு விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், லேபிளில் என்னென்ன போட்டோம், எப்போது போட்டோம் என்பது இருக்க வேண்டும். ஜாம் என்று பெயர் போட்டால் பழம் குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரிக்கு மட்டும் 25. பயிற்சி வேண்டுமென்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

ஹாஸ்டல்வாசி

விற்கிற அளவுக்கெல்லாம் இல்லை, ரூமில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு குட்டிப் பாத்திரமும்தான். கால் கிலோ பழத்துக்கு ஜாம் வருமா?

அடுப்படி

வரும் தம்பி, கால் கிலோ விழுது, 190 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறக் கூடாது, அடி மெல்லிசாக இருந்தால் பவரைக் குறைத்து வை, இண்டக்‌ஷனில் நடுவில்தான் முதலில் பிடிக்கும். சின்ன அளவு பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், போனை வேறு அறையில் வைத்துவிட்டு வா.